ஒரு டயருக்கு இரண்டு ஆயுள்

‘இல்லமும் இயந்திரமும்’ என்னும் இந்தப் பகுதியில் மிதிவண்டி, தையல் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் மோட்டார் என்று வீட்டோடு உறவாடும் கருவிகளைப் பற்றியே இதுவரை எழுதி வந்திருக்கிறேன். இம்மாதம் மோட்டார் சைக்கிள் டயரைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு, ‘குடும்பப் பத்திரிகையில் டயருக்கு என்ன வேலை?’ என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். கோடை பிறந்துவிட்டால் தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் மகனோ மருமகனோ, இந்நாளில் மகளும்கூட, மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த கரோல்பாக்கில், இன்று அந்தப் பயணிகளுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் கடைகளே வரிசையாக நிற்கின்றன. பிள்ளை மலையேறும்போது வீட்டில் இருப்பவர் மனமும் உடன் ஏறுகிறது. ஆகவே இது குடும்ப விஷயமே.

என் நெடுநாளைய நண்பர் ஒருவர் மத்திய அரசின் கணக்குப் பிரிவு ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு பைசா இடித்தாலும் அன்றிரவு உறக்கம் கொள்ளாத சுபாவம் அவருடையது. அவருடைய மகன் குருகிராமத்தில் வேலை பார்க்கிறான். 2022 ஜூலை மாதம் அவன் நண்பர்களுடன் மணாலி வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள காசாவுக்குப் போய்வர ஏற்பாடு செய்தான். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, “பின் டயரை மாற்றிவிடட்டுமா, அப்பா?” என்று கேட்டான்.

நண்பர் பேத்தியின் பள்ளி அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தை அளந்தார். 4 மில்லிமீட்டர். புதிதாக இருந்தபோது 9. அதுவரை ஓடிய தூரம் 14,000 கிலோமீட்டர். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். 5 மில்லிமீட்டர் தேய 14,000 என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 2,800. இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் கேட்பது 0.8 மில்லிமீட்டர். ஆக மிச்சமிருக்கும் 3.2 மில்லிமீட்டர், சுமார் 9,000 கிலோமீட்டர் ஓடும். காசாவுக்குப் போய்வர ஏறத்தாழ 1,500. “சட்டம் கேட்பதைப்போல் ஐந்து மடங்கு இருக்கிறது. நல்ல டயரைக் கழற்றி எறிவது குடும்பம் நடத்துகிறவன் செய்யும் காரியமா?” என்றார். மகன் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தாளை எனக்கும் காட்டினார். கணக்கில் நானும் பிழை காணவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரோதங்கைத் தாண்டி கிராம்பூ என்னும் இடத்தில் காசாவுக்குப் பாதை பிரிகிறது. அவர்கள் போன சமயத்தில் அங்கிருந்து குன்சும் கணவாய்க்கு அப்பால் லோசர் வரையில் சாலை என்பது பெரும்பாலும் உருளைக்கல்லும் சேறும், குறுக்கே பாயும் ஓடைகளுமாகவே இருந்தது. சத்ருவைத் தாண்டி ஓர் ஓடையைக் கடந்து, ஈரமண் மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் பிடி இழந்து பக்கவாட்டில் வழுக்கியது. வண்டி மூட்டையோடு அவன் காலின்மேல் சாய்ந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. உடன் வந்தவர்கள் வண்டியைத் தூக்கி, வழியே வந்த ஒரு லாரியில் அவனை ஏற்றினார்கள். அந்த இடத்தில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. ஆகவே வீட்டுக்குச் செய்தி கிட்ட மறுநாள் பிற்பகலாயிற்று.

பையன் குணமடைந்து நன்றாக நடக்கிறான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் கட்டோடு வீடு வந்த இரவில், நண்பர் அந்தத் தாளை மடித்தபடி என் வீட்டுக்கு வந்து அமர்ந்திருந்த காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. “கணக்கில் எங்கே பிழை?” என்று அவர் கேட்டார். அதற்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை.

இத்தகைய டயரின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். தார்ச்சாலையிலும் காட்டுப்பாதையிலும் ஒன்றுபோல் ஓடும் பெரிய மோட்டார் சைக்கிள் என்னும் கருத்துக்கு உருவம் கொடுத்தது, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1980இல் வெளியிட்ட ‘ஆர் 80 ஜி/எஸ்’ என்னும் வண்டி. அந்த இரண்டு எழுத்துக்களும் ஜெர்மன் மொழியில் காடுமேட்டையும் சாலையையும் குறிப்பவை. 1981இல் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் ஊபேர் ஓரியோல் என்பவர் அவ்வகை வண்டியில் வென்றதும் உலகெங்கும் அதன் புகழ் பரவியது. நம் நாட்டில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2016இல் ‘ஹிமாலயன்’ வண்டியைக் கொண்டுவந்த பிறகே இப்பழக்கம் நடுத்தரக் குடும்பங்களை எட்டியது. அதன் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். பெரிய முன்சக்கரம் கல்லையும் குழியையும் எளிதில் ஏறிக் கடக்கும் என்பதே அதன் நோக்கம்.

இரு காரியங்களுக்கும் உதவ வேண்டிய இந்த வண்டிக்கு, டயரும் இரு காரியங்களுக்கும் உதவ வேண்டும். இங்கேதான் சங்கடம் பிறக்கிறது. தார்ச்சாலைக்கு வேண்டியது, சாலையோடு நிறையத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர். சேற்றுக்கு வேண்டியது, உயரமான பட்டன்களும் அவற்றின் இடையே அகன்ற இடைவெளியும். பட்டன் மண்ணுக்குள் இறங்கிப் பற்ற வேண்டும். இடைவெளியில் புகுந்த சேறு, சக்கரம் சுழலும்போது தெறித்து வெளியேற வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ஆகவே டயர் செய்வோர் சாலைக்கு 90 பங்கு, மண்ணுக்கு 10 என்றும், 80க்கு 20 என்றும், இரண்டுக்கும் சரிபாதி என்றும் தரம் பிரித்துச் சொல்வார்கள். இவை கருவி கொண்டு அளந்த அளவுகள் அல்ல. செய்தவருடைய நோக்கத்தைக் குறிப்பவை, அவ்வளவே.

ஆயுளும் இந்தப் பாகுபாட்டைப் பின்பற்றியே செல்கிறது. சரிபாதி வகையின் உயர்ந்த பட்டன்கள் தார்ச்சாலையில் ஒவ்வொரு சுற்றிலும் நெளிகின்றன. நெளிவினால் சூடும், சூட்டினால் தேய்மானமும் உண்டாகின்றன. கனத்த வண்டியில் மென்மையான பட்டன் டயர் ஐயாறாயிரம் கிலோமீட்டரிலேயே முடிந்துவிடக்கூடும். சாலைப் பக்கம் சாய்ந்த வகை, மிதமான வண்டியில் 15,000ஐத் தாண்டுவதும் உண்டு. ரப்பரின் கலவையைக் கடினமாக்கினால் ஆயுள் நீளும். ஆனால் கடினமான ரப்பர் மழை நனைத்த தாரில் எளிதில் வழுக்கும். நீண்ட ஆயுள், நல்ல பிடிப்பு, சேற்றில் திறமை ஆகிய மூன்றையும் முழுமையாகத் தரும் டயரை இன்னும் ஒருவரும் செய்யவில்லை. கடைக்காரர் மூன்றும் உண்டென்று சொன்னால் புன்முறுவலுடன் கேட்டுக்கொள்ளலாம்.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். 9 மில்லிமீட்டரில் இருந்த டயர் 4க்கு வந்தபோது, அது அதே டயரின் பாதி அன்று, வேறு டயர். பட்டனின் உயரம் குறைந்தது. அதன் கூரிய விளிம்பு மழுங்கியது. இடைவெளியின் ஆழம் குறைந்தபடியால், புகுந்த சேறு வெளியேறாமல் அப்பிக்கொள்ளும். சேறு அப்பிய டயர், எத்தனை பட்டன் இருந்தாலும், அந்த நேரத்துக்கு மொட்டை டயரே. சட்டம் சொல்லும் 0.8 மில்லிமீட்டர் என்பது சாலையில் ஓட்டுவதற்கான கடைசி எல்லை. ஈரமண் மேட்டில் ஏறுவதற்குச் சட்டம் எல்லை வகுக்கவில்லை. ஆக, இருபயன் டயருக்கு ஆயுள் ஒன்றல்ல, இரண்டு. மண்ணில் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதித் தேய்மானத்திலேயே முடிந்துவிடுகிறது. சாலையில் அதன் ஆயுள் அதற்குப் பின்பும் நெடுந்தூரம் நீள்கிறது. நண்பர் கணக்கிட்ட 9,000 கிலோமீட்டர் உண்மையாகவே அந்த டயரில் இருந்தது. ஆனால் அது டில்லியில் இருந்தது, ஸ்பிதியில் இல்லை.

இதில் மற்றொரு மாயமும் உண்டு. பட்டன் தேய்ந்து குட்டையாகும்போது அதன் நெளிவும் குறைகிறது. ஆகவே பாதி தேய்ந்த டயர் தார்ச்சாலையில் முன்னைவிட அமைதியாகவும் உறுதியாகவும் ஓடுவதுபோல் தோன்றும். பையனும் மணாலி வரையில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு குறையும் காணவில்லை. ‘மாமா, வண்டி அத்தனை நன்றாக ஓடியது’ என்று அவனே என்னிடம் சொன்னான். முதல் ஆயுள் முடிந்ததை டயர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

டயர் ஒன்றே விபத்துக்குக் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. பின்னால் மூட்டை அதிகம். அவர்கள் ஓடையைக் கடந்ததும் பிற்பகல் வேளையில். பகல் முழுதும் வெயிலில் பனி உருகுவதால் அவ்விடத்து ஓடைகள் மாலை நெருங்க நெருங்கப் பெருகும். காலையில் கடப்பவர்க்குத் தண்ணீர் குறைவு. ஆனால் பல காரணங்கள் கூடிய இடத்தில், வீட்டு வாசலிலேயே நாம் நீக்கியிருக்கக்கூடியது டயர் ஒன்றுதான்.

அப்படியானால் ஆண்டுக்கொரு முறை மலைக்குப் போகிறவன், பாதி டயரை எறிந்துவிட்டுப் புதியது வாங்க வேண்டுமா? சிக்கனமான குடும்பங்களின் வினா இது, நியாயமான வினாவும்கூட. எறிய வேண்டியதில்லை என்பதே விடை. மலைக்குப் புறப்படும் முன் புது டயரை மாட்டிக்கொள்ளுங்கள். பழையதை வீட்டில் வெயில் படாத, எண்ணெய் படாத இடத்தில் வைத்திருங்கள். மின்மோட்டார் ஓடும் இடத்தருகே வைக்க வேண்டாம். அதிலிருந்து எழும் ஓசோன் வாயு ரப்பரை வெடிக்கச் செய்யும். பயணம் முடிந்து திரும்பியதும் பழைய டயரை மறுபடி மாட்டி, அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டித் தேய்த்துவிடலாம். புதியது அடுத்த ஆண்டு மலைக்குக் காத்திருக்கட்டும். இரண்டு டயருக்கும் முழு மதிப்பும் கிட்டிவிடும். கழற்றி மாட்டும் கூலி ஒன்றே அதிகம். செலவு பெருகவில்லை, செலவின் வரிசைதான் மாறியது. இதைச் சொன்னபோது நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இந்த வரிசை எனக்குத் தோன்றவில்லையே” என்றார்.

புது டயரைப் புறப்படும் நாளன்று மாட்டக் கூடாது. அச்சிலிருந்து வந்த மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150, 200 கிலோமீட்டரை ஊரிலேயே நிதானமாக ஓட்டி, அந்த வழவழப்பு போன பிறகே மலையை நினைக்க வேண்டும். புதுப் பட்டன் டயர் தார்ச்சாலையில் சற்று நெளியும், இரையும். நனைந்த தாரில் வண்டி நிற்கக் கூடுதல் தூரமும் பிடிக்கும். முன்னே செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுவதுதான் அதற்கு மருந்து.

தேய்மானத்தை அளக்கும்போது ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிட வேண்டாம். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் வண்டியின் பின் டயர், நடுவில் தட்டையாகத் தேய்ந்து ஓரத்தில் புதிதாக இருக்கும். அவ்வாறு தட்டையான டயர் வளைவில் முதலில் சாய மறுத்து, பிறகு சட்டென்று சாயும். முன் டயரில் பிரேக்கின் வேகத்தால் பட்டன்கள் ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் தேய்வதுண்டு. விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் பின் டயரே முதலில் முடியும். எனினும் முன் டயரை அலட்சியம் செய்யலாகாது. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பவர் உண்டு. முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பவர் அரிது. அளவுகோலைப் பள்ளத்தில் நிறுத்தி அளப்போர், அதன் நுனிக்கும் 0 கோட்டுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியையும் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுத்தமானி காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே. 5,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே டில்லியில் 30 பவுண்டு அடித்த டயர், சூடு மாறாதிருந்தால், அங்கே 36 பவுண்டு காட்டும். ஆனால் குளிரும் தன் வேலையைச் செய்கிறது. 30 டிகிரி குறைந்தால் 4 பவுண்டுக்குச் சற்று மேல் குறையும். ஒன்றை ஒன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆகையால் கணவாயின் உச்சியில் பதறிக் காற்றை இறக்க வேண்டியதில்லை. சேற்றில் பிடிப்புக்காகச் சிறிது காற்றை இறக்குவது வழக்கமே. அவ்வாறு இறக்கியவர், தார்ச்சாலையை அடைந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்க இறங்கக் காற்று மேலும் குறைவாகக் காட்டும். கம்பிச் சக்கரமும் டியூபும் உள்ள வண்டியில் காற்று மிகக் குறைந்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சராகும். எத்தனை பவுண்டு என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளவும். பின்னால் ஆளோ மூட்டையோ ஏறினால் அளவு மாறும்.

டயரின் பக்கச் சுவரில் அதன் ஜாதகம் எழுதியிருக்கிறது. நான்கு இலக்க எண் பிறந்த தேதி. 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் வெடிப்பு உண்டா என்று பார்த்தல் நலம். பட்டன் எத்தனை இருந்தாலும் பத்து ஆண்டைக் கடந்த டயர் வேண்டவே வேண்டாம். அளவை அடுத்து வரும் எண் சுமைக் குறியீடு. 64 என்றால் அந்த டயர் தாங்கும் பாரம் 280 கிலோ. வண்டி, ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்ந்தது பாரம் என்பதை நினைவில் கொள்ளவும்.

ஓர் எச்சரிக்கை. பஸ், லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டி ஓட்டும் வழக்கம் நம் பெரியவர்கள் அறிந்ததே. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய மதராஸ் ரப்பர் ஃபாக்டரி, 1952இல் இறங்கியது அந்த மேல்ரப்பர் தயாரிப்பில்தான். டயரே செய்யத் தொடங்கியது 1961இல். ஆனால் வளைவில் சாய்ந்து, ஓரத்தில் பாரம் ஏற்றி ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு அந்த வித்தை ஆகாது. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் கீறித் தருவோர் சாலையோரங்களில் உண்டு. அவர்கள் கீறுவது, உள்ளிருக்கும் நூலைக் காக்கும் கடைசி ரப்பரை. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சென்ற மாதம் நண்பரின் மகன் மறுபடியும் மலைக்குப் போகப்போவதாகச் சொன்னான். அவன் தாயார் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டார். நண்பர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, அவனையும் அழைத்துக்கொண்டு கரோல்பாக் போனார். அரை நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். புது டயர் வண்டியில் இருந்தது. பழைய டயர் இப்போது அவர் வீட்டுக் கட்டிலின் கீழே, பழைய புடைவை ஒன்றால் சுற்றப்பட்டு, தன் இரண்டாம் ஆயுளுக்குக் காத்திருக்கிறது. அதில் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறார். ‘4 மி.மீ. டில்லிக்கு மட்டும்’ என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் டயரையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை அளந்து பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு, எந்த ஊருக்கு என்பதையும் எழுதி வையுங்கள்.